மேகத்துக்குப் போட்ட துண்டு

இதை முதலில் எனக்குச் சொன்னவள் என் இளைய மகளின் நாத்தனார் ரெஜினா. போன வருஷம் பெரிய வியாழக்கிழமை, பாதம் கழுவும் பூசை முடிந்து, கோயில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் எங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவளுக்குப் பிறந்த ஊர் சிலுவைமுனை. அந்த ஊர்க்காரர்கள் பொய்யே சொல்ல மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்வார்கள், ஆனால் பிடித்த மீனின் நீளத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். மேகத்தைப் பற்றிப் பொய் சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சிலுவைமுனையில் மீனவர் சங்கம் உண்டு. அதன் செயலாளர் கர்வாலோ ஒரு நாள் தூத்துக்குடியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "இனிமே நம்ம சங்கத்துச் சோலி எல்லாம் மேகத்துலதான், கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். மற்ற ஊர்களில் அது வாய்ப்பேச்சு. எங்கேயோ குளிர வைத்த அறையில் வரிசையாக இயந்திரங்கள் இருக்கும், கணினிக்காரர்கள் அதை சர்வர் என்பார்கள், நாம் பார்க்காத இடத்தில் இருப்பதால் மேகம் என்று சொல்லி வைப்பார்கள். சிலுவைமுனையில் மட்டும் மறுநாள் காலையில் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் மெதுவாக வந்து, கோயில் கோபுரத்தை இடிக்காமல் ஒதுங்கி, சங்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு மேலே, கையை நீட்டினால் எட்டாத, கம்பை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் நின்றுகொண்டது. ஒரு கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். மேலே வெளுத்த வேட்டி மாதிரி வெள்ளை, அடியில் லேசாக நீலம்.

யாரும் முழங்காலில் விழவில்லை. முதலில் வாய் திறந்தது கருவாடு போடுகிற சூசம்மா. அன்று சங்கத்து முற்றத்தில் சாக்கு விரித்து நெத்திலி பரப்பியிருந்தாள். மேலே பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள்.

"யாருவே இதைக் கொண்டாந்து இங்க நிறுத்துனது? என் நெத்திலிக்கு வெயில் எங்கருந்து வரும்?"

"சங்கத்து மேகம்க்கா" என்றார் கர்வாலோ.

"சங்கத்து மேகம்னா சங்கத்துக்குள்ள வைக்க வேண்டியதுதான?"

கடைசியில் மேற்குப் பக்கம் சிமெண்டு பூசிய இடத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு குறையும் சொன்னதில்லை, வெளியூர்க்காரர் யாராவது வாயைப் பிளந்துகொண்டு நின்றால், "மேகம்தான, பாத்ததில்லையா?" என்று அவளே அதட்டினாள். முடிவெட்டுகிறவர் நாற்காலியை அதன் நிழலுக்கு மாற்றினார். கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் வலையோடு வந்து உட்கார்ந்தார்கள். பங்குச்சாமியாரிடம் மந்திரிக்கச் சொல்லிக் கேட்டபோது, "கண்ட மேகத்தையெல்லாம் மந்திரிக்க முடியாது, ஆனா சங்கத்துச் சொத்துன்னா படகு மாதிரிதான், மந்திரிக்கலாம்" என்று யோசித்துச் சொல்லி, மாடியேறி தீர்த்தத்தை மேலே தெளித்தார். பாதி மேகத்துக்குள் போயிற்று, மீதி அவர் மூக்குக்கண்ணாடியிலேயே விழுந்தது.

மேகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை பிலோமிக்கு வந்தது. அவள் சங்கத்தில் டைப் அடிக்கிறவள், பிளஸ் டூ படித்தவள், நாற்பதை நெருங்கியவள், நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் படகு ஓட்டுகிற சந்தியாகுவின் மனைவி. மாடியறையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். மேகம் ஈரம் சொட்டும், ஓட்டைக் கூரை வழியே மேசையில் விழும். அதனால் காலையில் வந்ததும் ஒரு ஈரிழைத் துண்டால் மேசையைத் துடைத்து, பிழிந்து, மாடிச் சுவரில் காயப்போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். அந்தத் துண்டை வேறு எதற்கும் யாரும் எடுப்பதில்லை. மேகத்துத் துண்டு என்றே அதற்குப் பேர்.

அந்த மேகத்தால் என்ன பிரயோசனம் என்றால், அதுதான் ஊரின் வாயும் காதும். ஒவ்வொரு படகிலும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. எத்தனை தூரம் போனாலும், வயர்லெஸ் எட்டாத இடத்துக்குப் போனாலும், அந்தப் பெட்டி கரையைக் கூப்பிட்டுக் காற்று எப்படி, அலை எப்படி என்று கேட்கும், மேகம் பதில் சொல்லும். கூப்பிடுவதற்கு ஒரு முகவரி உண்டு: நாலு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். கரைப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்கும் ஏலக்கூடத்துக்கும் இன்னொரு முகவரி, அதுவும் அப்படித்தான். கடல் பக்கத்து முகவரியைப் பெட்டி செய்தவர்கள் செய்யும்போதே உள்ளே பதித்துவிட்டார்கள், மாற்றவே முடியாது. செய்த கடையையும் மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் அந்த நாலு எண்ணும் மனப்பாடம். பெண்கள் மாவாட்டும்போது முணுமுணுப்பார்கள்.

காற்று மட்டுமா போயிற்று அந்த வழியாக? "பிலோமி, எங்க வீட்டு ஆளுக்குச் சொல்லு, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுட்டு." "பிலோமியக்கா, எங்கண்ணனுக்குச் சொல்லுங்க, ரிசல்ட் வந்துட்டு, ஆனா என்னன்னு மட்டும் சொல்லாதீங்க." இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ. எல்லாவற்றையும் மேகம் கேட்டு, சுமந்து, சேர்த்துக்கொண்டு நின்றது.

சேர்த்துச் சேர்த்து அதற்கு ஒரு நாள் மறதி வந்துவிட்டது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "சனிக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம், நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்" என்று ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லிவிட்ட செய்தி, பேரன் எடுத்த மிக்கேலுக்குப் போய்ச் சேர, அவர் பெண் யார் என்று ஆள் விட்டு விசாரிக்க, அவர் மனைவி மூன்று வேளை சோறு போடவில்லை. ஏலக்கூடத்துக்குப் போக வேண்டிய விலை கோயிலுக்குப் போனது. பிறகு சிரிப்பு நின்றது. ஒரு படகு காற்றைக் கேட்டதற்கு, மேகம் போன வருஷத்துக் காற்றைச் சொல்லிவிட்டது. அமைதி என்று நம்பிப் போனவர்கள் விலா உடைந்த படகோடு திரும்பி வந்தார்கள். அந்த வாரமே குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். சந்தியாகுவின் படகும் இன்னும் பல படகுகளும் தெற்கே வெகுதூரத்தில் இருந்தன. திரும்பி வா என்று சொல்ல வேண்டிய மேகமோ, கேட்டவர்களுக்கெல்லாம் போன வருஷத்து நல்ல காற்றையே சொல்லிக்கொண்டிருந்தது. பிலோமி அடித்த எச்சரிக்கையை விழுங்கிவிட்டு, எப்போதோ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் துப்பியது.

பிலோமி மேகம் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், பேர் தேன்மொழி.

"சொல்லுங்க்கா. உங்களுது இறங்கி நிக்கற மாடலுங்களா?"

"ஆமாம்மா, மாடிக்கு மேலதான் நிக்கி."

"அப்ப அடியில துணி காயப்போடறது, அதெல்லாம் இருக்குமே?"

"கருவாடுதான். அதையும் தள்ளிப் போட்டாச்சு."

"செரிங்க்கா. அதுக்கு உள்ளார கெட்டுப்போச்சுங்க. தட்டிக் கொட்டி ஆகாது. இருக்கறதை மொத்தமா இறக்கிட்டு, புதுசா ஏத்தோணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது, மாடியறை நிறைய ஆட்கள். கர்வாலோ குனிந்து, "அதுக்குப் புது மேகமே ஒண்ணு வாங்கிட்டா என்னம்மா? சங்கத்துல பேசிக்கிடலாம்" என்றார்.

"வாங்கலாமுங்க. ஆனா புதுசு வந்து அதுக்குத் தோணற இடத்துல நிக்கும், முகவரி மாறிரும். பரவால்லீங்களா?"

முகவரி மாறினால் கடலில் இருக்கிற ஒரு பெட்டிக்கும் கரை எங்கே என்று தெரியாது. தாயே, என் ஆளை அங்கே வைத்துவிட்டு நம்பரை மாற்றச் சொல்கிறார்களே என்று பிலோமி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மாறக்கூடாதும்மா. ஆட்கள் கடல்ல இருக்காங்க."

"அப்படின்னா இதே இடத்துல, இதுக்குள்ளயே புதுசை ஏத்தற வழி இருக்குங்க. ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்கங்க்கா. முகவரிங்கறது மேகத்தோடது இல்லீங்க, அது நிக்கற இடத்தோடது. எடத்தை விட்டீங்கன்னா வேற யாராச்சும் வந்து உக்காந்துக்குவாங்க, அப்பறம் எழுப்பவே முடியாது. பஸ்ஸுல துண்டைப் போட்டுட்டு இறங்கறமில்ல, அப்படித்தான்."

தேன்மொழி ஓர் உதாரணத்துக்குச் சொன்னாள். ஆனால் மேகம் என்றால் மேகமே வந்து நின்ற ஊர் அது. துண்டு என்றால் அவர்களுக்குத் துண்டுதான். அறையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. திருச்செந்தூர் பஸ்ஸில், உவரி பஸ்ஸில், சன்னல் வழியே துண்டை வீசிச் சீட்டுப் பிடித்து வளர்ந்தவர்கள்; துண்டு கிடக்கிற இடம் ஆள் இருக்கிற இடம் என்பது அவர்களுக்கு வேதம்.

"யார் துண்டைப் போட?" என்றுதான் அடுத்த பேச்சு. கர்வாலோ தோளிலிருந்த துண்டை எடுத்தார். "உம்ம துண்டைப் போட்டா அந்த இடம் உமக்குல்லா? மேகம் எங்க உக்காரும்?" என்றாள் சூசம்மா. சாமியாருடைய துண்டைப் போடலாம் என்றார்கள், சாமியார், "நான் மாற்றலாகிப் போயிட்டா?" என்று கேட்டார், அதுவும் நியாயமாகப் பட்டது. சட்டமாகப் பார்த்தால் உட்காரப் போகிறவரின் துண்டைத்தான் போட வேண்டும். அப்போது பிலோமி எழுந்து போய், மாடிச் சுவரில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து வந்தாள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று கர்வாலோ தலையைச் சொறிந்தார்.

மறுநாள் காலை பூசை முடிந்த கையோடு ஊரே சங்கத்து வாசலில் கூடிவிட்டது. படகில் கொடி கட்டுகிற மூங்கில் இரண்டை ஒன்றோடொன்று வைத்துக் கட்டி, நுனியில் துண்டைத் தொங்கவிட்டு, மேகத்தின் வயிற்றுக்குள் செருகிப் பிடித்துக்கொண்டார்கள். தேன்மொழி போனில் இருந்தாள். உள்ளே இருப்பதை இறக்கினால் மழையாகத்தான் இறங்கும், அத்தனையும் பழைய பேச்சு, வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். அதனால் பெண்கள் குடம், அண்டா, மீன் கழுவுகிற அலுமினியச் சட்டி, ஞானஸ்நானத்துக்குச் சீராக வந்த பித்தளைப் போணி என்று கையில் கிடைத்ததோடு நின்றார்கள். மேகத்தின் நடு வயிற்றுக்கு நேர் கீழே, மாடியில், கோயில் அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற பெரிய செம்பு அண்டாவை வைத்தார்கள். "நடுவுல விழறது மேகத்தோட சொந்தக் குரலுங்க்கா, அதை மட்டும் தொலைச்சுறாதீங்க" என்று தேன்மொழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு கட்டங்கள் வந்தன. 'நீக்கிவிட்டுப் புதிது' என்று ஒன்று, 'இருக்குமிடத்திலேயே மறுபடி நிறுவு' என்று ஒன்று. புதிது என்ற சொல்லைப் பார்த்ததும் கர்வாலோவின் விரல் தன்னால் அதன் பக்கம் போயிற்று.

"கையை எடுங்க அண்ணாச்சி!" பிலோமி பட்டென்று தட்டிவிட்டாள். அதுவரை அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்த்துப் பேசியதில்லை. பிறகு சிலுவை போட்டு, இரண்டாவதை அழுத்தினாள்.

மேகம் ஒரு பெருமூச்சு விட்டது போல அசைந்து, மழையாக இறங்கியது. சங்கத்துச் சுற்றுச்சுவரைத் தாண்டி ஒரு சொட்டு விழவில்லை. அந்த மழையில் பேச்சு இருந்தது. குடத்தில் விழுந்த தண்ணீர் குடத்துக்குள்ளேயே முணுமுணுத்தது: மீன் இல்லை, இன்னும் ரெண்டு நாள் ஆகும், அரிசி இருக்கா, மூத்தவன் பள்ளிக்கூடம் போனானா, கண்டமேனிக்குக் கடன் வாங்காத, ஆமென், பல்வலி எப்படி இருக்கு. தங்கள் வீட்டுப் பேச்சு எந்தக் குடத்தில் விழுகிறது என்று பெண்கள் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு இடம் மாறி நின்றார்கள். மிக்கேலின் மனைவி நீலச் சட்டைச் செய்தியை அதன் சொந்தத் தாயிடம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, புருஷனைப் பார்த்து அன்றுதான் மறுபடி சிரித்தாள்.

மழை விட்டபோது மாடிக்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் வானம். மூங்கிலை இறக்கினார்கள். துண்டு இறங்கவில்லை. மேகம் இருந்த இடத்தின் நட்டநடுவில், சீட்டில் விரித்தது போலப் படிந்து, காற்றுக்கு ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டு கிடந்தது. "கிடக்குதாங்க்கா?" என்றாள் தேன்மொழி. "கெடக்கு" என்றாள் பிலோமி. "என்னதுங்க?" "துண்டு." அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "செரி, கெடக்கட்டுமுங்க" என்றாள் தேன்மொழி.

புதுசு ஏறுவதற்குள்தான் அந்த இன்னொரு மேகம் வந்தது. வடக்கே எங்கேயோ பெய்யப் போகிற வழிப்போக்கு மேகம், கறுத்துத் தடித்தது. காலியான இடத்தைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தது. மெல்லச் சாய்ந்து, ஒரு ஓரத்தைத் துண்டின் மேல் வைத்தது. அது உட்கார்ந்துவிட்டால் சந்தியாகு கூப்பிடும்போது அதுதான் பதில் சொல்லும். அதற்குச் சிலுவைமுனை என்ன தெரியும், காற்று என்ன தெரியும்? பிலோமி மாடியறையிலிருந்து வெளியே ஓடி வந்தாள். அதற்குள் சூசம்மா முந்திக்கொண்டாள்.

"ஏய்! துண்டு கெடக்குல்லா, கண்ணு தெரியலையா? ஆள் இறங்கித் தண்ணி குடிக்கப் போயிருக்கு, இப்ப வந்துரும். தள்ளு!"

கீழே இருந்த கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. "ஆள் வருது, ஆள் வருது!" "பின்னால எவ்வளவு இடம் காலியா கெடக்கு, அங்க போய் நில்லு!" "நின்னுக்கிட்டே போனா கொறைஞ்சா போயிருவ?" மேகம் அந்த ஓரத்தை எடுத்தது. கூச்சப்பட்ட மாதிரி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு சாத்தான்குளம் பக்கம் பார்த்துப் போய்விட்டது. அன்று அங்கே நல்ல மழை என்று பிற்பாடு தெரிந்தது.

தேன்மொழி அங்கிருந்து புதுசை ஏற்றினாள். முதலில் பஞ்சு மாதிரி ஒரு பிசிர், பிறகு தலையணை அளவு, பிறகு பந்தல் அளவு, துண்டைச் சுற்றி வளர்ந்து அதை மூடி, பழைய இடத்தில் பழைய உயரத்தில் நின்றது. நாலு எண்ணும் மூன்று புள்ளியும் அப்படியே இருந்தன. ஆனால் உள்ளே வெறுமை, ஒருவரையும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பிடித்த மழையைக் காய்ச்சினார்கள். ஆவி எழுந்தது. ஆவியோடு பேச்சும் எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே மேலே போய் மேகத்துக்குள் நுழைந்தது. படகுகளின் பேர், ஆட்களின் பேர், பல்வலி, அரிசி எல்லாம்.

மாடி அண்டாவைக் காய்ச்சப் போனபோது அது பாதி காலி.

"இங்க இருந்த தண்ணி எங்க?" என்றாள் பிலோமி.

டீக்கடை அந்தோணிப்பிச்சை கெட்டிலோடு நின்றான். "இவ்வளவு கூட்டத்துக்கு டீ போடச் சொன்னது நீங்கதான. குழாயில தண்ணி வரல மதினி. சுத்தமான மழைத் தண்ணி சும்மா இருந்துச்சு..."

மேகத்தின் சொந்தக் குரலை ஊர் டீயாகக் குடித்துவிட்டது. குடித்தவர்களுக்கெல்லாம் அன்று முழுக்கக் குரல் கனமாக, ஈரமாக, கொஞ்சம் மேலேயிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. சாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது, பிரசங்கம் நன்றாகக் கேட்டது என்றார்கள். மீதித் தண்ணீரைக் காய்ச்சி ஏற்றினார்கள், ஆனால் அரைக் குரல் அரைக் குரல்தான். மேகத்துக்குப் புதுக் குரல் வந்துவிட்டது.

அதனால் என்ன என்றால், படகுப் பெட்டிகள் கூப்பிட்டன, முகவரி சரியாக இருந்தது, மேகம் பதில் சொன்னது, உடனே எல்லாப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. 'இடம் அதே இடம். ஆள் அதே ஆள் இல்லை. நம்பலாமா?' என்று கேட்டது. நம்பாமல் இருக்கப் படகுக்காரர்களுக்குக் காரணம் இருந்தது. போன சீசனில் எவனோ கரை மாதிரிப் பேசி மூன்று படகுகளை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, அவர்கள் இடத்தில் வலை போட்டுக்கொண்டு போனான். குரல் மாறினால் கேட்காதே என்று அவர்களுக்குள் கட்டுப்பாடு. 'காற்று வருகிறது, திரும்பி வாருங்கள்' என்று பிலோமி அடித்தாள். 'நீ யார்?' என்று பதில் வந்தது. தெற்கே கடலின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அவங்களே கேக்கட்டும்க்கா" என்றாள் தேன்மொழி. "உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேட்டு, சரியா வந்தா நம்பச் சொல்லுங்க. ஒரு தடவை நம்பிட்டா அப்பறம் எப்பவும் கேக்காது."

கேட்டார்கள். அந்த மத்தியானம் சிலுவைமுனையில் ரகசியம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. மனைவிமார் படிக்கட்டு முழுக்க வரிசையாக நின்றார்கள், பிலோமி கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். "உங்க வீட்டு ஆள் கேக்காரு, கல்யாணத்தன்னைக்கு அவரு எதுல வழுக்கி விழுந்தாரு?" "வாழைப்பழத் தோல்ல இல்ல, கேசரியில." நம்பினார். "உங்க மாமியா சமையல் ஒசத்தியா, உங்க சமையல் ஒசத்தியா?" அந்தப் பெண் பின்னால் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அத்தை சமையல்தான்னு போடு" என்றாள். 'இது என் பொண்டாட்டி இல்ல' என்று உடனே பதில் வந்தது. மாமியாரே, "உண்மையைச் சொல்லித் தொலையேன் ஏட்டி, எம்மவன் கரை சேரட்டும்" என்றாள். உண்மையைச் சொன்னார்கள், நம்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு அணைந்து பச்சை எரிய, ஒவ்வொரு படகாகத் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்து வரத் தொடங்கியது. ஒவ்வொரு பெண்ணாகப் படியிறங்கிக் கோயிலுக்குப் போனாள்.

சந்தியாகுவின் படகு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை.

பிலோமி கூப்பிட்டாள். பதில் இல்லை. பெட்டியை அணைத்து வைத்திருக்கலாம் என்றார் கர்வாலோ, பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டாள். இருபது வருஷமாக அவன் கடலுக்குப் போவதும் இவள் காத்திருப்பதும்தான் வாழ்க்கை, ஆனால் காற்று வருகிற நாளில் காத்திருக்கும்போது கையில் ஒரு வேலை இருந்தது இதுதான் முதல் தடவை. அந்த வேலையும் ஒன்றும் செய்யவில்லை. செபமாலையை இடது கையில் சுற்றிக்கொண்டு, வலது கையால் கூப்பிடுகிற பொத்தானை அழுத்தி, ஓர் 'அருள்நிறை மரியே' சொல்லி, மறுபடி அழுத்தினாள். காற்று மாடிக் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தது. மேலே புது மேகம் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. சூசம்மா நெத்திலிச் சாக்கை அள்ளி உள்ளே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது எழுத்து வந்தது.

'யாருல அது? கரை மாதிரி இல்லையே.'

"கும்பிடுதேன் தாயே" என்றாள் பிலோமி, மேரி மாதாவையா கம்ப்யூட்டரையா தெரியாது. 'நான்தான். கேட்க வேண்டியதைக் கேளுங்க' என்று அடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: 'கரைன்னா சொல்லு. என் வீட்டுக் கொல்லைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?'

பிலோமி படித்தாள். சூசம்மாவுக்காகச் சத்தமாக இன்னொரு தடவை படித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அடித்தாள்:

'அது எந்தப் பக்கமும் திறக்காது. கீல் போச்சுன்னு குறுக்கே பலகை அடிச்சுட்டு, அடுத்த தடவை வந்து சரி பண்ணுதேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நாலு தடவை வந்துட்டுப் போயாச்சு. நான் வீட்டைச் சுத்திக்கிட்டுத்தான் குப்பையைக் கொண்டு போய்க் கொட்டுதேன்.'

சிவப்பு அணைந்தது.

'ஏட்டி பிலோமி, நீதானா' என்று வந்தது. 'வலை இழுத்துக்கிட்டு இருந்தோம், பெட்டியைப் பாக்கல. காத்து எப்படி?'

'வருது. எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க.'

'வலை?'

'வலையையும் விட்டுட்டு வாங்க.'

மற்றப் படகுகள் அன்று சாயங்காலம் கரை சேர்ந்தன. அவனுடைய படகு கடைசியாக, இருட்டுவதற்குள், அலை தடுக்கிற கல்பாலத்துக்குப் பின்னால் நுழைந்தது. நுழைந்த பிறகுதான் காற்று வந்து இறங்கியது, இரண்டு தென்னையும் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையின் தகரமும் போயிற்று, ஆள் ஒருவரும் போகவில்லை. காற்று அடங்கிய மறுநாள் சந்தியாகு பல் விளக்கியதும் சுத்தியலைத் தேடினான். கொல்லைப் பக்கம் ஆணி பிடுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிலோமி பழைய சோற்றில் மோர் ஊற்றினாள். வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனாள். புது மேகமும் சொட்டத்தான் செய்கிறது. அதற்கு வேறு ஒரு துண்டு வாங்கினார்கள். பழையது இன்னும் மேகத்துக்குள்ளேதான் கிடக்கிறதாம்.

இவ்வளவுதான் ரெஜினா சொன்னது. சொல்லி முடிக்கவும் செருப்பு கிடைக்கவும் சரியாக இருந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து தென்காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கிற மாதிரி இருக்கிறது. கடலில் இருக்கிறவர்களுக்காக ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.